கேட்கு முன் வந்த பதில்கள்

என் மனைவியின் அண்ணன் மீன் சுட்டுக்கொண்டிருக்கும்போது அவரிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. கேட்பதற்கு வாயைத் திறக்கும்போதே பதில் வந்து விழும். "இன்னும் வேகல்ல." "உப்புப் போட்டாச்சு." "உங்களுக்கு நடுத்துண்டு வெச்சிரிக்கி, மச்சான்." நான் உண்மையில் கேட்க வந்தது அன்றைய பத்திரிகை எங்கே என்பதாக இருக்கும். அதற்கு மட்டும் பதில் இருக்காது.

நான் முப்பத்து நான்கு வருடம் புளியந்தீவுக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிப் பகுதியில் வேலை செய்தவன். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். ஒரு கடிதம் இரண்டு விபரம் கேட்டால் இரண்டுக்குத்தான் பதில். மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால், அதைப் பற்றி விசாரித்து இன்னொரு கடிதம் வரும். பிறகு அதற்கொரு கோப்பு திறக்க வேண்டும். இந்த விதியை ஒருநாளும் மீறாததால்தான் நான் ஓய்வூதியம் வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று நம்புகிறேன். அப்படிப்பட்ட நானும் கேள்வி பிறக்கு முன்பே பதில் சொல்லிவிடும் அவரும் ஒரே வளவுக்குள் இருபத்தாறு வருடம் இருந்தோம்.

அவர் இந்த வளவை விட்டுப் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது.

மேசன் வேலை செய்தவர். மெலிந்த உடம்பு, நீண்ட கை. வார நாட்களில் சீமெந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மீன். எங்கள் வீடு வாவிக்கரையிலிருந்து மூன்றாவது வளவு. தோணிகள் கரை சேரும் நேரத்துக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்துக் கொடுவாவோ மணலையோ வாங்கி வருவார். கிணற்றடியில் வைத்துச் செதிள் எடுத்து, இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீறல் போடுவார். அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல இடைவெளி எல்லாம் ஒரே அளவாக இருக்கும். உப்பும் மிளகுத் தூளும் அந்தக் கீறலுக்குள் போகும். பிறகு மூன்று செங்கல், அதன் மேல் பழைய மேசை மின்விசிறி ஒன்றின் முன்பக்கக் கம்பிக்கூடு. அடியில் சிரட்டை. சிரட்டையின் சுவாலை அடங்கிச் சாம்பல் பூக்கும்வரை மீன் அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது.

ஒரு தடவைதான் புரட்டுவார். "ரெண்டாந்தரம் கிறுக்கிப் போட்டா மீன் உடைஞ்சிரும்" என்பார்.

மற்றது புளித்தண்ணி. மூன்று தேசிக்காயும் பாதித் தோடம்பழமும் பிழிந்த சாறு, நசுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. அடுப்பில் வைப்பதில்லை, தாளிப்பதில்லை. மீன் நெருப்பிலிருந்து இறங்கிய அந்தக் கணத்தில் மேலே ஊற்ற வேண்டும். "சூட்டோட விட்டாத்தான் குடிக்கும். ஆறினாப் பிறகு விட்டா மேலால ஓடிரும்." இதையெல்லாம் நான் ஒருமுறை ஒரு தாளில் முறைப்படி எழுதினேன். அளவு, நேரம், செய்யும் ஒழுங்கு, விலக்கு எல்லாம் அதில் இருந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எல்லாம் சரி, மச்சான். நெருப்பத்தான் எழுதல்ல."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அண்ணன்மாரும் தம்பிமாரும் சேர்ந்து அக்கா தங்கைக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தாங்கள் கலியாணம் முடித்துப் பெண்டாட்டியின் வீட்டுக்குப் போவார்கள். அவருக்கு மூன்று தங்கைகள். மூன்று வீட்டையும் தன் கையாலேயே கட்டினார். மண்டபம், ஒரு படுக்கையறை, குசினி. மூன்றும் ஒரே அமைப்பு. கடைசி வீடு என் மனைவிக்கு. அதற்குக் கூரை போட்டு முடிக்கும்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது தாண்டிவிட்டது. கலியாணம் ஆகவில்லை. ஆகவே போவதற்கு ஒரு வீடும் இல்லை. மூன்று வீடு கட்டியவர் சீமெந்து மூடை அடுக்குவதற்காகப் பின்பக்கம் கட்டிய ஒற்றை அறையில், ரெண்டு கிழமைக்கு என்று சொல்லிப் பாயை விரித்தார். இதில் யாரும் தவறு செய்யவில்லை. வழமை அப்படி.

அவருக்கு நாற்பது வயதிருக்கும்போது நடந்த ஒன்று. இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு குடும்பத்தின் தகப்பனும் தாயும் ஒரு பின்னேரம் எங்கள் படலையைத் திறந்து வந்தார்கள். அவர்கள் வீட்டில் வயது போன பெண்ணொருத்தி கலியாணமாகாமல் இருந்தாள். வந்தவர்கள் கதிரையில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டை எடுத்தார்கள். அவ்வளவுதான். பின் அறையிலிருந்து வந்த இவர் நின்ற நிலையிலேயே சொன்னார்:

"இப்ப ஏலாது, அண்ணே. சின்னத் தங்கச்சிட வீட்டுக்குப் பூச்சு வேலை முடியல்ல. அது முடிஞ்சாத்தான் என்னால யோசிக்கேலும்."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல மேசன், எங்கட கிணத்துக் கட்டு வெடிச்சுப் போச்சு. அதப் பாக்க வர ஏலுமா எண்டு கேக்கத்தான் வந்த" என்றார்.

"அதுக்கு நாளைக்கே வாறன்" என்றார் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். மறுநாள் போனார். கிணற்றுக் கட்டை மூன்று நாளில் முடித்தார். அப்படி ஒரு கேள்வி தன்னிடம் வரும் என்று அவர் காத்திருந்தார் என்பது அன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. 

சண்டைக் காலத்தில் இந்தப் பழக்கம் எங்கள் இருவரையும் சுடுவெயிலில் நிறுத்தியது. நான் கச்சேரிக்குப் போக வேண்டும், அவர் பட்டணத்தில் ஒரு வேலைக்குப் போக வேண்டும். அவருடைய சைக்கிளில் நான் பின்னால் இருந்தேன். சோதனைச் சாவடியில் ஓர் இளம் இராணுவச் சிப்பாய் நின்றான். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக்கூட அசைத்துவிட்டான். அந்த நேரத்தில் இவர் தன்னுடைய மேசன் வேலைச் சிங்களத்தில் அவனிடம் சொன்னார்: "ஐயாட பைக்குள்ள சோறு மட்டுந்தான் இரிக்கி."

அதுவரை அவன் அந்தப் பையைப் பார்க்கவே இல்லை. பிறகு பார்த்தான். பையைக் கவிழ்த்தான். சோற்றுப் பார்சலை அவிழ்த்தான். இவருடைய கருவிப் பெட்டியையும் கொட்டினான். தூக்குக்குண்டைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டான். அது சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் குண்டு என்று தமிழிலேயே சொல்லிவிட்டோம். அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் குண்டு என்ற சொல்லும் இருந்தது; அந்த இடத்தில் அது உதவக்கூடியதல்ல. இன்னும் இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். எங்களை முழங்காலில் இருத்தி, கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். அவனுடைய மேலதிகாரி வரும்வரை அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைக்கடிகாரம் தலைக்குப் பின்னால் இருந்தது. அந்த அதிகாரி வயதானவர், ஊரில் வீடு கட்டியவர் போலும். தூக்குக்குண்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "கேக்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்றீங்க?" என்று கத்தினேன். 

அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார்: "கேட்டாப் பிறகு சொன்னா அது பயத்தில சொன்ன பதில், மச்சான். கேக்க முதல் சொன்னா அது நாம சொன்னது."

அதை நான் அன்று முட்டாள்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு இருபத்தைந்து வயதானபோது செங்கலடிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆசிரியர். தகப்பன் இல்லை, தாய்தான். தரகர் ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வருவாங்க. பொடியன்ட தாயும் தாய்ட தம்பியும். அவங்க கேக்கிறது ஒண்டுதான் ஐயா. வீட்டில வில்லங்கம் ஒண்டும் இரிக்கப்படாதாம்."

வில்லங்கம். வேறொருவனாக இருந்தால் சரி என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருப்பான். நான் காணிப் பகுதியில் இருந்தவன். வில்லங்கம் என்றால் என்னென்ன என்று நித்திரையிலும் சொல்வேன்: ஈடு என்ற அடமானம், குத்தகை, வழக்கு, மூன்றாம் ஆளின் இருப்பு. கடைசியானதில் என் மனம் போய் நின்றது. இன்னொருவரின் காணியில் பத்து வருடம் தடையின்றித் தனக்கென்று இருந்தவர் உரிமை கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியோடு இருந்தவருக்கு அது பொருந்தாது என்றும் இருக்கிறது. ஆனால் அந்த அனுமதி எழுத்தில் எங்கே? இருபத்தாறு வருடமாக ஒரு துண்டுத் தாளும் இல்லை.

அன்று பின்னேரமே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். மேற்படி வீட்டின் பின் அறையில் உரிமையாளரின் அனுமதியின் பேரில் மட்டுமே தங்கியிருக்கிறேன் என்றும், எவ்வித உரிமையும் கோரமாட்டேன் என்றும், கேட்கப்படும் தினத்தில் வெளியேறுவேன் என்றும் அவர் சொல்வதாக வாசகம். கீழே அவர் கையெழுத்துக்கு ஒரு கோடு. சாட்சிக்கு இரண்டு கோடு.

மனைவி அதை மேசையில் கண்டு எடுத்து வாசித்தாள்.

"இது என்ன?"

"ஒண்டுமில்ல. அண்ணன் ஒரு கையெழுத்து வெச்சாச் சரி."

"'வெளியேறுவேன்' எண்டு எழுதியிரிக்கிறீங்க."

"அது வழக்கமான வாசகம்."

"ஆருக்கு வழக்கம்?" என்றாள். பிறகு தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். "கலியாணம் முடிஞ்சா அறை பிள்ளைகளுக்கு. நாம எங்க படுக்கிற?"

"அத மறுகா ஆறுதலாப் பார்ப்பம்."

"நீங்க எதையும் மறுகா பாக்கிற ஆளில்லயே" என்றாள்.

அதுவரை மகளும் அவளும் படுக்கையறையில், நான் மண்டபத்தில் ஒரு கட்டிலில். புது மருமகன் நடமாடும் மண்டபத்தில் மாமனார் இடுப்பில் கட்டிய சாரத்தோடு கிடக்க முடியாது. வீட்டில் அறை எத்தனை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இன்னொரு அறை கட்டலாம்தான். கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளியை விட்டால் அறைக்கு இடம் மிஞ்சாது. ஊரில் எல்லாரும் விடாமல்தான் கட்டியிருக்கிறார்கள். என்னால் அப்படிக் கட்ட முடியாது, அப்படிக் கட்டியவர்களுக்குக் கச்சேரியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிய ஆள் நான்.

அந்தக் கிழமை முழுவதும் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. புதன்கிழமை அவர் வேலையால் வரும்போது படலையடியில் நின்றேன். "மழை வராது, மச்சான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை பின் அறை வாசல்வரைக்கும் போய்த் திரும்பினேன். மகள் ஒன்றும் அறியாமல், "அப்பா, என்ன சட்டைப்பையத் தடவித் தடவிப் பாக்கிறீங்க? மாப்பிள்ளை எனக்கா உங்களுக்கா?" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விருந்தாளிகளுக்குச் சுட்ட மீன் என்று முடிவு செய்தவர் அவரே. நான் விடியற்காலையிலேயே கிணற்றடிக்குப் போனேன். அவர் குந்தியிருந்து செதிள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்..."

"கொடுவா ரெண்டு, மணலை ஆறு. எல்லாருக்கும் காணும்."

அவர் செங்கல் அடுக்கும்போது மறுபடியும் போனேன். "மச்சான், ஒரு விசயம்..."

"சிரட்டை நல்லாக் காஞ்சது. புகையாது."

விருந்தாளிகள் வருவதற்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது மூன்றாவது தடவை. இந்தத் தடவை தாளை வெளியே எடுத்துவிட்டேன். "இத ஒருக்கா வாசிச்சுப்..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னையல்ல, தாளை. "கண்ணாடி அறைக்குள்ள கிடக்கு. கை முழுக்க மீன். சாப்பிட்டாப் பிறகு பார்ப்பம், மச்சான்."

பிறகு பார்ப்பம் என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் கூர்மையான மனுசி. வந்ததும் உட்காரவில்லை. மண்டபத்துச் சுவரை உள்ளங்கையால் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஆர் கட்டின?" என்று கேட்டார். "என்ட அண்ணன்" என்றாள் மனைவி. "சுவர் நேரா நிக்கி" என்றார் அந்த அம்மா. அவருடைய தம்பி வாய் பேசாமல் கூடவே நடந்தார். குசினியைப் பார்த்தார்கள். பிறகு பின் கதவால் வெளியே வந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் வந்தேன். சட்டைப்பைக்கு மேல் என் கை இருந்தது.

நெருப்பு சரியான பதத்தில் இருந்தது. கம்பிக் கூட்டின் மேல் கொடுவா இரண்டும் கிடந்தன, தோல் கருகிச் சுருளத் தொடங்கியிருந்தது. கொழுப்பு ஒவ்வொரு சொட்டாகக் கரியில் விழுந்து சீறியது. பின் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாய், தலையணை, மடித்து வைத்த இரண்டு சாரம், ஒரு வானொலிப் பெட்டி, சுவரில் தொங்கும் கருவிப் பை. ஒரு மனிதன் குடியிருக்கும் அறை என்பதை மறைக்க அங்கே ஒன்றுமே செய்யப்படவில்லை. அதை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

அந்த அம்மா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "இந்த அறை..." என்று தொடங்கினார்.

அவ்வளவுதான் சொன்னார்.

"அது சாமான் போடுற அறை, அம்மா" என்றார் மச்சான். தலையை நிமிர்த்தவில்லை, மீனின் அடியில் தகட்டுக் கரண்டியை நுழைத்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கு ஞாயிறு நான் வந்து மீன் சுட்டுப்போட்டுச் சாயிற இடம். நான் இரிக்கிறது களுவாஞ்சிக்குடில."

மீனைப் புரட்டினார். உடையாமல் மறுபக்கம் விழுந்தது.

குசினி வாசலில் மகள் புளித்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். "மாமா!" என்றாள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் கவிழ்ந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

"அதக் கொண்டா, மனே" என்றார் அவர், அவளைப் பார்த்து. "இறக்கப் போறன். ஆறினா ஊறாது."

அவள் அசையவில்லை. மனைவி வந்து கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மீனைத் தட்டில் இறக்கி மேலே ஊற்றினார். சீ என்று ஆவி எழுந்து எல்லார் கண்ணையும் கரித்தது. அந்த நேரத்தில் யார் கண் ஏன் கலங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மேசையில் அந்த அம்மா நன்றாகச் சாப்பிட்டார். புளித்தண்ணிக்கு என்ன என்ன போட்டது என்று விசாரித்தார். மச்சான் சொன்னார். பிறகு அந்த அம்மா சாதாரணமாகக் கேட்டார்: "களுவாஞ்சிக்குடில எவடம்? எங்கட சொந்தம் கொஞ்சப் பேர் அங்க இரிக்காங்க."

ஒரு கேள்வி முழுவதாக முன்னால் வந்து நின்று, அதற்கு அவர் உடனே பதில் சொல்லாததை நான் அன்றுதான் பார்த்தேன். வாயில் இருந்த சோற்றை மென்றார். ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டும், நான் மட்டும்தான் சொல்ல முடியும் என்று அவள் கண் சொன்னது.

"மேசன்மார் கொஞ்சப் பேர் சேந்து ஒரு வீடு எடுத்திரிக்கம். சந்தைக்குப் பின்னால" என்றார் மச்சான்.

"ஓம், ஓம்" என்றேன் நான். "சந்தைக்குப் பின்னால."

கச்சேரியில் இருந்த காலம் முழுவதும் பொய்யான விபரம் ஒன்றுக்கும் நான் சாட்சி வைத்ததில்லை.

சம்பந்தம் சரி வந்தது. திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை களுவாஞ்சிக்குடிக்கு பஸ் ஏறிப் பின்னேரம் திரும்பி வந்தார். புதன்கிழமை பாயைச் சுற்றி, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். மனைவி படலையில் நின்று, "ஏன் அண்ணன் இப்படிச் செய்ற? அவங்க ஒண்டும் கேக்கல்லயே" என்றாள்.

"சொன்னதச் சொன்னபடி செய்யத்தானே வேணும், தங்கச்சி. நாளைக்கு அந்த அம்மா களுவாஞ்சிக்குடிக்கு வந்து தேடினா நம்மட பிள்ளைக்கு வெக்கம்."

நான் மண்டபத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்ல முடியாது.

வீட்டை மகள் பெயருக்கு மாற்றும் நன்கொடை உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசின் வீட்டு விறாந்தையில் எல்லாரும் காத்திருந்தோம். மாப்பிள்ளையின் மாமன், அந்தப் பேசாத மனிதர், என் காதருகே குனிந்தார். "வங்கியில ஈடு ஒண்டும் இல்லத்தானே, ஐயா? எங்கட மூத்த பிள்ளைக்கு அப்படி ஒரு கரைச்சல் வந்தது. அதத்தான் வில்லங்கம் இரிக்கப்படாதெண்டு தரகரிட்டச் சொன்ன."

"ஈடு இல்லை" என்றேன்.

"வேற ஒண்டும் எங்களுக்குத் தேவையில்ல" என்றார்.

அந்த அம்மா பக்கத்துக் கதிரையிலிருந்து கேட்டார்: "மீன் சுட்டவர் வரல்லயா? அண்டைக்கு அவர் சாயிற அறையப் பாத்து, இந்த அறை பகலில சரியான வெக்கையா இரிக்குமே எண்டு கேக்க வாயெடுத்தன். அவர் வேற என்னமோ சொன்னார்."

மகள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு கையெழுத்து வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியிலும் அதற்குப் பிறகு பல நாளும் என்னோடு பேசவில்லை.

கலியாணத்துக்கு அவர் வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் செய்தார். பின்னேர பஸ்ஸில் போனார். நானும் மனைவியும் எங்கள் கட்டிலையும் அலுமாரியையும் பின் அறைக்கு மாற்றினோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். சந்தைக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு வீடு இருந்தது. அவர் சொன்ன பொய்க்கு அவரே வீடு தேடிப் பிடித்திருந்தார். வளவில் புதிதாக மூன்று கல் வைத்து, ஒரு கம்பி வலையின் மேல் மணலை சுட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, மச்சான். நான் நல்லாத்தான் இரிக்கன். சாப்பாட்டுக்குக் குறையில்ல. முழங்கால் நோ மட்டுந்தான். தங்கச்சிக்குச் சொல்லுங்க."

நான் கேட்கலாம் என்று வழிமுழுக்க யோசித்து வந்த கேள்விகள் அத்தோடு முடிந்துவிட்டன. ஒன்றுதான் மிஞ்சியது. அதைச் சொல்வதற்கு முன் விளக்கம் சொன்னேன். வில்லங்கம் என்று அவர்கள் கேட்டது வங்கி ஈட்டைத்தான், அந்த அம்மா அறையைப் பற்றிக் கேட்க வந்தது வெக்கையைத்தான், ஒருவருக்கும் அவர் இருப்பதில் ஆட்சேபம் இருந்ததில்லை என்றேன். ஆகவே அவர் திரும்பி வரலாம் என்றேன். ஆட்சேபம் என்ற சொல்லை நான் ஏன் அந்த வளவில் வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் கரியை ஒரு குச்சியால் ஒதுக்கினார். "அந்த அம்மா என்னப் பத்திக் கேக்க வரல்லயெண்டு எனக்கு அப்பவே விளங்கினது."

"பின்ன ஏன் அவவுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அவவுக்குச் சொல்லல்ல, மச்சான். உங்களுக்குச் சொன்ன." மீனைப் புரட்டிவிட்டுத் தொடர்ந்தார். "கலியாணம் முடிஞ்சா நீங்களும் தங்கச்சியும் எங்க படுக்கிற எண்டு கேக்க, அந்தக் கிழமை முழுக்க வந்து வந்து திரும்பிப் போனீங்க. எனக்குப் பாக்க ஏலாமப் போயிற்று."

"நான் அப்படிக் கேக்கல்லயே."

"ஓம். நீங்க கேக்கல்ல."

குரலில் கோபம் இல்லை. கோப்பில் உள்ளதை உள்ளபடி வாசித்துக் காட்டும் எழுதுவினைஞரின் குரல் போலத்தான் இருந்தது. திரும்பி வாருங்கள் என்று நான் மறுபடியும் சொல்லவில்லை. வந்தால் எங்கே படுப்பார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

மீனை இறக்கிப் புளித்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்தார். சாப்பிட்டோம். பாதியில் அவர் கேட்டார்: "இப்ப நீங்க ரெண்டு பேரும் அங்கதானே? வெக்கை எப்படி?"

"பகலில ஏலாது. அவளுக்குத்தான் கஷ்டம்."

"மேக்குப் பக்கம் ஒரு சன்னல் வெக்கணும். காத்து வாவியிலிரிந்து வாறது. வந்து வெச்சித் தாறன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்தார். சுவரில் கரியால் கோடு கீறி, உளி வைத்து உடைத்து, மரச்சட்டத்தைப் பொருத்தி, சுற்றிவரப் பூசி, பின்னேரத்துக்குள் முடித்துவிட்டார். மரம் இறுகி நின்றதும் சன்னல் கதவைத் திறந்தார். வாவிக் காற்று நேராக உள்ளே வந்து, கட்டில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கியது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பினாள்.

ஒரு நாள் வேலை. நான் அந்தச் சன்னலையும் அவரையும் பார்த்தேன். "இத நீங்க இரிக்கக்குள்ளயே வெச்சிரிக்கலாமே, மச்சான். இருபத்தாறு வருசம் இந்த வெக்கையில கிடந்தீங்களே."

அவர் கருவிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்கட வீட்டுச் சுவர உடைக்கேலுமா?" என்றார்.

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனார்.